ஊற்றை நம்பிய ஊரும் பாறை எரிவாயுவும்

புதுச்சேரி அரசின் சின்னத்தில் இடம்பெற்றிருக்கும் ஆயி மண்டபம், குடிநீருக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், நகருக்கு மேற்கே உள்ள முத்திரைப்பாளையத்தின் ஊற்றிலிருந்து தண்ணீரை வாய்க்கால் வழியே கடற்கரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவின் நடுவில் அந்த வெள்ளை மண்டபம் நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. புதுச்சேரி நகரம் இன்றும் முழுக்க முழுக்க நிலத்தடி நீரையே குடிக்கிறது. சென்னைக்குப் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளும் வீராணம் குழாயும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஒன்று வறண்டால் இன்னொன்று ஓரளவு தாங்கும். புதுச்சேரிக்கு அப்படி ஒரு இரண்டாவது வழி கிடையாது. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் வயலுக்குப் பாய்வதோடு நிலத்துக்குள் நீரை இறக்கிவிடுகின்றன. வீட்டுக் குழாயில் வருவதோ ஆழ்துளைக் கிணற்று நீர். பூமியைத் துளைத்து, நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையைப் பற்றி இந்த ஊரில் பேசும்போது, எல்லாக் கணக்கும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நகரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். மேலே சங்கராபரணி, தென்பெண்ணை ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். அதன் கீழே கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்தவர்கள் அந்தப் பாறை அடுக்கைத் தரைமட்டத்திலேயே பார்த்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்த வானூர் மணற்கல் முதலிய அடுக்குகள். இந்த மணற்கற்கள் மேற்கே தரையில் தலைகாட்டி, கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்து இறங்குகின்றன. மேற்கே பெய்யும் மழை அவற்றில் புகுந்து, மேலும் கீழும் உள்ள களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தோடு கிழக்கே நகர்கிறது. ஒரு காலத்தில் புதுச்சேரியில் துளையிட்டால் எந்திரமே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்தது இதனால்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் இந்தக் கிணறுகளை ஆராய்ந்து, சென்னைக்கும் இப்படிப்பட்ட ஊற்று கிடைக்குமா என்று அறிக்கையே எழுதினார். அந்தப் பொங்கும் அழுத்தம் இன்று இல்லை. ஆயிரக்கணக்கான மோட்டார்கள் இழுத்ததில் நீர்மட்டம் இறங்கி, கடலோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறிவிட்டது. எந்தப் புதிய சுமையும் இல்லாமலே இந்த நீர்த்தாங்கி தளர்ந்துபோய் இருக்கிறது.

நன்னீர் அடுக்குகளுக்கும் வெகு கீழே, அதே காவிரிப் படுகையின் வண்டல் குவியலில், களிப்பாறைகள் இருக்கின்றன. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு, அதில் மக்கிய உயிர்ப்பொருளோடு சேர்ந்து இறுகிப் பாறையாகி, தனக்குள்ளேயே எரிவாயுவை அடைத்து வைத்திருக்கிறது. படுகையின் வடகோடிப் பள்ளத்தைப் புவியியலாளர்கள் அரியலூர்–புதுச்சேரி உட்படுகை என்றே அழைக்கிறார்கள். சாதாரண எண்ணெய்க் கிணற்றில், எண்ணெயும் வாயுவும் துளைகள் நிறைந்த மணற்கல்லில் தேங்கியிருக்கும். துளையிட்டால் தானே மேலேறி வரும். களிப்பாறையில் அது நடக்காது. நுண்துளைகள் ஒன்றோடொன்று சேராதபடி பாறை அவ்வளவு இறுக்கம். அதை உடைத்தால்தான் வாயு வெளியே வரும்.

உடைக்கும் வேலை இப்படி நடக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளையிட்டு, களிப்பாறை அடுக்குக்குள் போனதும் துளையைக் கிடைமட்டமாகத் திருப்பி, மேலும் ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கும் அதிகமாக நீட்டுவார்கள். துளை நெடுக எஃகு உறைக்குழாய்களை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி அடைப்பார்கள். கிடைமட்டக் குழாயில் சிறு வெடிகளால் ஓட்டை போட்டு, மேலே வரிசையாக நிற்கும் பம்பு லாரிகளிலிருந்து நீரை மிகப் பெரிய அழுத்தத்தில் உள்ளே தள்ளுவார்கள். பாறை மயிரிழை விரிசல்களாகப் பிளக்கும். அழுத்தம் குறைந்ததும் விரிசல் மூடிக்கொள்ளாமல் இருக்க, நீரோடு போன மணல் அதில் முட்டுக்கொடுத்து நிற்கும். உராய்வைக் குறைக்கவும், குழாயில் நுண்ணுயிர்கள் வளராமலும் துரு பிடிக்காமலும் இருக்கவும், அடைப்பைக் கரைக்கவும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படும். அவற்றின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழேதான். ஆனால் ஐம்பது லட்சம் லிட்டரில் இரண்டு விழுக்காடு என்பது ஒரு லட்சம் லிட்டர். வேலை முடிந்ததும் உள்ளே போன நீரில் ஒரு பகுதி திரும்பி வரும். அதோடு, பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த உப்புநீரும் சேர்ந்து வரும்.

பாறை பிளப்பது தொலைதூர அமெரிக்காவின் பிரச்சினை, நமக்கு என்ன என்று கேட்கலாம். ஆனால் 2013 அக்டோபரில் மத்திய அரசு பாறை எரிவாயுக் கொள்கையை வெளியிட்டது. அதன் முதல் கட்டத்தில் ஓஎன்ஜிசிக்கு ஒதுக்கப்பட்ட ஐம்பது வட்டாரங்களில் ஒன்பது காவிரிப் படுகையில் இருந்தன. 2016இல் வந்த ஹைட்ரோகார்பன் உரிமக் கொள்கை, எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறை எரிவாயு அனைத்துக்கும் ஒரே உரிமம் போதும் என்றாக்கியது. அந்தக் கொள்கையின்கீழ் 2018 அக்டோபரில் வேதாந்தா நிறுவனம் பெற்ற 41 வட்டாரங்களில் இரண்டு இந்தக் கரையோரத்தில் இருந்தன: ஒன்று விழுப்புரம், புதுச்சேரிக் கரையும் அதையொட்டிய கடலும், மற்றொன்று காரைக்கால், நாகப்பட்டினம் பகுதி. இரண்டிலும் சேர்த்து 274 கிணறுகள் தோண்டத் திட்டம் வகுக்கப்பட்டது. 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்றார்கள். அடுத்த மாதமே புதுச்சேரி சட்டமன்றம் இத்திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை எதிர்த்துப் போராடிய நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் கிளப்பிய கேள்விகள் இப்படித்தான் வடக்கே புதுச்சேரி வரை வந்து சேர்ந்தன.

எதிர்ப்பாளர்கள் சிலர் சொல்வது போல, கீழே பாறை பிளந்த விரிசல் மேலே ஊர்ந்து வந்து நம் கிணற்றைத் தொட்டுவிடும் என்பது அறிவியல்படி வலுவான வாதம் அல்ல. குடிநீர் அடுக்குகள் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. பிளக்கப்படும் களிப்பாறை அதற்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கீழே. இடையில் நீர் ஊடுருவாத தடித்த அடுக்குகள் பல. விரிசல்கள் பொதுவாக நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டி உயர்வதில்லை. எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் இதைச் சொல்லும்போது உண்மையைத்தான் சொல்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாதம் ஒன்றை விட்டுவிடுகிறது. களிப்பாறைக்குப் போக வேண்டுமானால் நன்னீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இயற்கை பல கோடி ஆண்டுகளாகப் பூட்டி வைத்த எல்லா அடுக்குகளையும் ஒரே துளை இணைத்துவிடுகிறது. அந்த இணைப்பை அடைத்து வைத்திருப்பது ஓர் எஃகுக் குழாயும் சில அங்குலச் சிமெண்டும்.

அந்தச் சிமெண்டு எப்படித் தோற்கிறது என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா காட்டியது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டுக் கிணறுகளில் மீத்தேன் அளவு சராசரியாகப் பதினேழு மடங்கு அதிகம் இருந்தது. அதே ஆய்வில், பாறை பிளக்கச் செலுத்திய வேதிப்பொருள்கள் கிணற்று நீரில் கலந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. 2014இல் பென்சில்வேனியா, டெக்சாஸ் கிணறுகளில் நடந்த இன்னொரு ஆய்வு, வாயுவோடு சேர்ந்து வரும் ஹீலியம் முதலிய மந்த வாயுக்களின் தடத்தைப் பின்பற்றி, வாயு வந்த வழியைக் கண்டுபிடித்தது. மேலே ஊர்ந்த விரிசல் எதையும் அது குற்றம் சாட்டவில்லை. சரியாகப் பிடிக்காத சிமெண்டு, பழுதான உறைக்குழாய் இவைதான் வழி. குழாயைச் சுற்றிய சிமெண்டு காயும்போது சுருங்கும். அழுத்தம் ஏறி இறங்கும்போது குழாய் விரிந்து சுருங்க, சிமெண்டு அதிலிருந்து விலகும். மயிரளவு இடைவெளி விழுந்தால் வாயுவுக்கு அதுவே பாதை. கிணறு கைவிடப்பட்ட பிறகும் அந்தச் சிமெண்டு அங்கேயே இருந்து, தலைமுறைக் கணக்கில் காவல் காக்க வேண்டும். நிறுவனத்தின் குத்தகைக் காலம் முடிந்துபோகும். கிணற்றின் ஆயுள் முடியாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2016 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. முந்தைய ஆண்டு வெளியான வரைவில், குடிநீரில் பரவலான பாதிப்புக்குச் சான்று இல்லை என்ற வாசகம் இருந்தது. முகமையின் அறிவியல் ஆலோசகர்கள் அந்த வாசகத்துக்குத் தரவு ஆதரவு இல்லை என்று கேள்வி எழுப்ப, இறுதி அறிக்கையில் அது நீக்கப்பட்டது. சில சூழல்களில் இம்முறை குடிநீர் ஆதாரங்களைப் பாதிக்கக்கூடும் என்று சொன்ன அறிக்கை, அந்தச் சூழல்களையும் பட்டியலிட்டது: நீர் குறைந்த இடத்திலும் காலத்திலும் நீரெடுப்பது, வேதிப்பொருளோ கழிவுநீரோ சிந்துவது, உறுதியற்ற கிணற்றுக்குள் அழுத்தம் செலுத்துவது, நிலத்தடி நீர் அடுக்கிலேயே நேரடியாகச் செலுத்துவது, சரியாகச் சுத்திகரிக்காத கழிவை ஆற்றில் விடுவது, அடியில் விரிப்பு இல்லாத குட்டைகளில் கழிவைத் தேக்குவது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புதுச்சேரியைப் பார்த்தால், நீர்ப் பற்றாக்குறை இப்போதே இருக்கிறது. மணல் கலந்த வண்டல் மண்ணில் சிந்தியது எதுவும் விரைவில் கீழே இறங்கும். கழிவைக் கொண்டுபோய்க் கொட்ட ஆள் நடமாட்டமில்லாத நிலம் எங்கும் இல்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே வயல் முடிந்தால் வீடு, வீடு முடிந்தால் ஆழ்துளைக் கிணறு.

கழிவுநீர் என்பது சாக்கடை நீர் போன்றது என்று நினைத்துவிடக் கூடாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் களிப்பாறையிலிருந்து வந்த நீர் சில கிணறுகளில் அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் உப்பாக இருந்தது. பேரியம், ஸ்ட்ரான்சியம், கதிரியக்கமுள்ள ரேடியம் எல்லாம் அதில் இருந்தன. நகராட்சிக் கழிவுநீர் நிலையங்கள் உப்பையும் ரேடியத்தையும் பிரிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அமெரிக்காவில் பெரும்பகுதியை வேறு ஆழ்கிணறுகளில் திரும்பச் செலுத்திவிடுகிறார்கள். அப்படிச் செலுத்தியதன் விளைவாக ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகி, 2016 செப்டம்பரில் பாவ்னி நகரருகே 5.8 அளவு நடுக்கம் வந்தது. காவிரிப் படுகைக் களிப்பாறையின் நீரும் மார்செல்லஸ் நீர் அளவுக்கு உப்பாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த அளவு உப்பானாலும் அதை எங்கே கொண்டுபோய் விடுவோம் என்ற கேள்விக்குப் பதில் முதல் துளைக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் அளவைப் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. ஒருமுறை பாறை பிளக்க 50 முதல் 90 லட்சம் லிட்டர் வரை நீர் தேவைப்படலாம் என்று ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற இந்திய அளவுகோலில், 90 லட்சம் லிட்டர் ஏறத்தாழ 67,000 பேரின் ஒருநாள் தண்ணீர். பெரிய எண்தான். ஆனால் கரும்புக்கும் நெல்லுக்கும் விவசாயி இறைக்கும் நீரோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஒரு கிணற்றைத் தனியாக எடுத்தால். நூற்றுக்கணக்கான கிணறுகளை எடுத்தால் கணக்கு மாறும். இன்னும் முக்கியமான வேறுபாடு, நீர் போகும் இடத்தில் இருக்கிறது. வயலுக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு மீண்டும் மண்ணில் இறங்குகிறது, மீதி ஆவியாகி மழைச் சுழற்சியில் சேர்கிறது. பாறைக்குள் போன நீரில் பெரும்பகுதி கிலோமீட்டர் ஆழத்தில் என்றென்றைக்கும் தங்கிவிடுகிறது. திரும்பி வருவது விஷமாக வருகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியான கணக்காகாது.

கடலோர ஊருக்கு இன்னொரு தனி ஆபத்தும் இருக்கிறது. கடலோரத்தின் மேல்மட்ட நிலத்தடியில் நன்னீர், அதைவிட அடர்த்தியான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் கிடைக்கும் என்பது நீரியலின் பழைய விதி. அதாவது, மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏற வழி திறக்கும். இந்தச் சமநிலையில் கை வைக்கும் எந்தக் கூடுதல் நீரெடுப்பும், நீர் வளமான உள்நாட்டில் செய்யாத கேட்டை இங்கே செய்யும். ஆற்றில் கலந்த கழிவை ஒரு வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். நிலத்தடியில் நீர் ஆண்டுக்குச் சில மீட்டர் வேகத்தில் நகர்கிறது; அங்கே கலந்தது பல தலைமுறைக்கு அங்கேயே இருக்கும்.

இங்கே யாரும் பாறை பிளக்கப் போவதில்லை, வழக்கமான எண்ணெய் எரிவாயுதான் தேடுகிறோம் என்பது நிறுவனங்களின் முக்கியமான பதில். இப்போதைய திட்டங்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உரிமத்தில் அந்த வாக்குறுதி எழுதப்படவில்லை. ஒரே உரிமத்தில் எதையும் எடுக்கலாம் என்று 2016 கொள்கை சொல்கிறது. 2025இல் திருத்தப்பட்ட எண்ணெய் வயல்கள் சட்டமும் பாறை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் இரண்டையும் ஒரே வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. இன்று வழக்கமான கிணறு என்று தொடங்கி, நாளை விலை ஏறும்போது அதே உரிமத்தில் களிப்பாறையைத் தொட்டால், புதிதாக யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் நல்லெண்ணத்தைச் சந்தேகிப்பதல்ல இது. நல்லெண்ணம் மேலாளர்களோடு மாறும், காகிதத்தில் உள்ளது மட்டும் நிற்கும்.

நாட்டுக்கு எரிபொருள் வேண்டாமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இந்தியா தனக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியை இறக்குமதி செய்கிறது. அந்தச் சுமையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் இந்தப் படுகை அதில் எவ்வளவைக் குறைக்கும்? அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் வெளியிட்ட மதிப்பீடு, காவிரிப் படுகையில் எடுக்கக்கூடிய பாறை எரிவாயுவை 5 டிரில்லியன் கன அடி என்று கணக்கிட்டது. கன மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 14,000 கோடி. இந்தியா இப்போது ஆண்டுக்கு 6,500 கோடி கன மீட்டருக்கு மேல் எரிக்கிறது. அரியலூரிலிருந்து நாகை வரை அத்தனை கிணறுகளும் வெற்றி பெற்றால்கூட, நாட்டின் இரண்டாண்டுத் தேவைக்கே அது காணும். எரிவாயுவுக்குக் கத்தாரிலிருந்து வரும் கப்பல் முதல் சூரிய மின்சாரம் வரை மாற்று உண்டு. வானூர் மணற்கல்லில் சேர்ந்த நன்னீருக்கு மாற்று என்றால், கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும். அதற்குப் பணமும் மின்சாரமும் காலத்துக்கும் செலவழிக்க வேண்டும்.

சட்டம் இந்த ஆபத்தை எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்த்தால் பெரிய ஓட்டை தெரிகிறது. தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் பாறை எரிவாயு உட்படப் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மண்டலத்தின் நடுவிலேயே இருக்கும் காரைக்கால் ஒன்றிய ஆட்சிப் பகுதி என்பதால் அதற்கு வெளியே நிற்கிறது. புதுச்சேரியும் வெளியே. புதுச்சேரியின் ஊற்றுக்கு மழைநீர் இறங்கும் வானூரைக் கொண்ட விழுப்புரம் மாவட்டமும் வெளியே. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பேரம் பேசி வரைந்த எல்லை, ஊருக்குள் ஊராக, தெருவுக்குத் தெரு வளைந்து போகிறது. நிலத்தடி நீருக்கு அந்த எல்லை தெரியாது. இதற்கிடையே 2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாக்கிவிட்டது. சட்டமன்றத் தீர்மானத்துக்கு ஒழுக்க வலிமை உண்டு, சட்ட வலிமை கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகத் தெரிகின்றன. புதுச்சேரி, காரைக்கால் இரண்டையும் உள்ளடக்கிப் பாதுகாப்பு மண்டலச் சட்டம் வர வேண்டும். விழுப்புரத்தின் நீர் சேரும் நிலப்பரப்பைத் தமிழ்நாடு தன் சட்டத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு அரசுகளின் நிலத்தடி நீர்த் துறைகளும் ஒரே நீர்த்தாங்கியை ஒன்றாகக் கண்காணிக்க வேண்டும். அதைவிட உடனடியாக, எந்தத் துளையும் விழும் முன்பே, நகரத்துக்கு நீர் தரும் கிணறுகளில் மீத்தேன், குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம் அளவுகளை எடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கு ஒரு காரணம், வாயு முன்பே இருந்ததா பிறகு வந்ததா என்று சொல்ல முன்கூட்டிய அளவீடு இல்லாததே. அளவீடு இல்லாத ஊரில், நிரூபிக்கும் பொறுப்பு எப்போதும் பாதிக்கப்பட்டவன் தலையில்தான் விழும். புதுச்சேரி 2002இலேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிய பகுதி. அளப்பதற்குத் துறையும் ஆட்களும் உள்ள பகுதி.

பிரான்சு 2011 ஜூலையில் நீரழுத்தத்தால் பாறை பிளக்கும் முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் 2013இல் அந்தத் தடை செல்லும் என்றது. பாரிஸ் படுகையில் எரிவாயு இல்லாததால் அவர்கள் அதைச் செய்யவில்லை; ஐரோப்பாவில் பெரிய இருப்புகளில் ஒன்று அங்கே இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. பல ஆறுகளும் பல ஊற்றுகளும் உடைய ஒரு நாடே அந்த அளவு எச்சரிக்கையாக இருக்கத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஊற்றைக் குடிக்கும் ஊர் அதைவிடக் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆபத்து இல்லை என்று நிரூபிக்க வேண்டியது துளையிட வருபவரின் கடமை. அந்த நிரூபணம் வரும் வரை தண்ணீரின் பக்கம் நிற்பதற்குப் புதுச்சேரி யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.